டை கட்டிய கழுதை ரெக்கார்டு

நான் கரண்டுக்காரன். ஈப்போவில் ரேடியோ, டிவி, மைக்செட் என்று பழுது பார்த்தே தலை நரைத்தவன். என் தொழிலில் ஒரே ஒரு வேதம்தான்: சத்தம் வருகிறதென்றால் எங்கேயோ வயர் இருக்கிறது. ஜெலாப்பாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூரைமேல் யாரோ நடப்பதாகச் சொல்லி ஒரு மாதம் தூங்காமல் கிடந்தார்கள், ஒரு சாமியாரைக்கூடக் கூட்டி வந்தார்கள். நான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஏரியல் கம்பி அவிழ்ந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினேன், பேய் போய்விட்டது. பேய் ஓட்டக் கேட்டு வாங்கிய சேவல் என்னவோ சாமியாருக்குத்தான் போனது.

இப்படிப்பட்ட ஆள் நான். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரித்திருப்பேன், கூடவே நாலு கேள்வியும் கேட்டு மானத்தை வாங்கியிருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் சுடுகாட்டுப் பக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு நிறைய கோழிக் குழம்பு சாப்பிட்ட பிறகு.

முதலில் அந்த ரெக்கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் தொடக்கம், எனக்கு இருபத்திரண்டு வயது. சிம்பாங் பூலாயைத் தாண்டி உள்ளே ஒரு கித்தா தோட்டம். ரப்பரை எங்கள் ஆட்கள் கித்தா என்றுதான் சொல்வார்கள். அந்தத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் ரேடியோகிராம் பழுது என்று என் கடை முதலாளி என்னை அனுப்பினார். ரேடியோகிராம் என்றால் ஓர் அலமாரி அளவுக்கு மரப்பெட்டி. மேல் மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் ரெக்கார்டு சுற்றும் தட்டு. கீழே ரெக்கார்டுகளை அடுக்கி வைக்க ஓர் அறை. துரை இளவயதுக்காரர், தோள்வரைக்கும் முடி வைத்திருந்தார். பால் வெட்டும் ஜனங்கள் அவரைப் பின்னாலிருந்து பார்த்தால் துரைசாணி என்று நினைத்துக்கொள்வார்களாம்.

நான் வேலையை முடித்ததும் சோதித்துப் பார்க்க அவர் ஒரு ரெக்கார்டை எடுத்துப் போட்டார். அந்த அட்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு குளியல் தொட்டி, தொட்டிக்குள் கோட்டும் டையும் போட்ட ஒரு கழுதை, முகத்தில் கணக்கெழுதும் கிராணியின் கவலை. குழுவின் பெயரும் ரெக்கார்டின் பெயரும் வெயிலில் உருகிய மெழுகுவர்த்தி மாதிரி எழுத்தில் இருந்தன, எப்படிப் புரட்டினாலும் படிக்க முடியவில்லை. இது புரோகிரசிவ் ராக், லண்டனில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிற புது வகை, இந்தப் பையன்களை அங்கேயே யாருக்கும் தெரியாது, ஒரே ஒரு ரெக்கார்டோடு சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்று துரை சொன்னார்.

ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. பாட்டு என்றால் மூன்று நிமிஷம், நடுவில் ஒரு கிட்டார், முடிந்தது என்றுதான் எனக்குத் தெரியும். இதுவோ கோவில் பூசை மாதிரி ஆரம்பிக்கிறது, முதலில் ஆர்கன் மட்டும், அப்புறம் ஒரு புல்லாங்குழல் எங்கிருந்தோ வந்து சேர்கிறது, சரி தாலாட்டு என்று கண்ணை மூடினால் டிரம்ஸ் வந்து ஏழு ஏழாக அடிக்கிறது. நாலு நாலாக எண்ணியே பழகின காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முடிந்தபோது என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, எதற்கு எடுத்தேன் என்பது மறந்துபோயிருந்தது. அந்த வயதில் காதல் வந்தால்கூட அவ்வளவு கிறங்கியிருக்க மாட்டேன்.

இரவல் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்காமல் வந்துவிட்டேன். சில மாதத்தில் துரை ஊரைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் தேடினேன். ஈப்போவில் ரெக்கார்டு விற்ற ஒரு கடை பாக்கியில்லை. பெயர் தெரியாது, குழு தெரியாது, என்ன செய்வது, பாடிக்காட்டினேன். ஒரு சீனர் கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஆர்கன், புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லாவற்றையும் வாயாலேயே வாசித்துவிட்டுத் திறந்து பார்த்தால் வாடிக்கையாளர்கள் ஒருத்தரும் இல்லை. கடைக்காரர் மட்டும் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்திருந்தார், பாவம்.

வார இறுதிகளில் நான் ஒரு கல்யாண பேண்டில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருதடவை ஆசை அடங்காமல் விருந்து நடுவில் அந்த ஏழு தட்டுப் பகுதியைச் சொருகிவிட்டேன். ஜோகெட் ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா நாலாவது அடிக்குத் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிரியாணிச் சட்டி மேல் சாய்ந்தார். அதோடு பேண்டிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். அப்படி ஒரு ரெக்கார்டே கிடையாது, மணியம் கனவு கண்டிருக்கிறான் என்று நண்பர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தத் தோட்டத்துக்கு நான் அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன். அது வேறு காரணம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் சவரிமுத்து என்று ஒருவர் இருந்தார். டிரெசர் என்றால் டாக்டர் இல்லை, ஆனால் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர், ஊசி, மருந்து, பிரசவம் எல்லாம். ஞாயிறானால் தோட்டத்து மாதா கோவிலில் ஹார்மோனியம் வாசிப்பார். மனைவி சின்ன வயதிலேயே தவறிவிட, ஒற்றை ஆளாக வளர்த்த ஒரே மகள் பிலோமினா. அவர் வீட்டு ரேடியோ அடிக்கடி ரிப்பேர் ஆனது. உண்மையைச் சொன்னால் ஒருதடவைதான் ரிப்பேர் ஆனது, மீதித் தடவையெல்லாம் பிலோமினா ஒரு வயரைப் பிடுங்கிவிட்டுச் சொல்லி அனுப்புவாள்.

டிரெசர் என்னை நம்பினார். கோப்பி கொடுத்து உட்கார வைத்து நல்லது கெட்டது பேசுவார். விஷயம் தெரிந்தபோதுகூட அவர் குதிக்கவில்லை, ஞானஸ்நானம் எடுத்துக்கொள், கட்டிவைக்கிறேன் என்றுதான் சொன்னார். ஜெபம் பண்ணும்போது சில நேரம் ஆண்டவர் தன்னோடு பேசுவார் என்று மனதைத் திறந்து சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இளரத்தம், திமிர். "பேசுறாருன்னா வயர் எங்க மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் ஈப்போவில் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் வரவில்லை. பையன் பிறந்த பிறகு மகளையும் பேரனையும் வீட்டுக்குள் சேர்த்தார், என்னையும் உள்ளே விட்டார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் தன் நாயிடம் சொல்வார். நாயின் பேர் மேஜர்.

"மேஜர், வந்தவங்கள உக்காரச் சொல்லு."

"மேஜர், கோப்பி ஆறிப்போவுதுன்னு சொல்லு."

மேஜர் என்னைப் பார்க்கும். நான் மேஜருக்கு நன்றி சொல்வேன். நம்பினால் நம்புங்கள், பேச்சு நின்ற நாளிலிருந்து ஆறு வருடம் இப்படியே ஓடியது. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும் வழியில் பிலோமினா வண்டியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். செய்தது நான். அது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மரமெல்லாம் சாய்ந்தது, லயத்து வீடுகள் காலியாகின, ஜனங்கள் ஜெலாப்பாங் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். ஓய்வு பெற்றிருந்த டிரெசர் மட்டும் குவாட்டர்ஸை விட்டு நகரவில்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அவர் பாகான் டத்தோவில் ஒரு பழைய சிநேகிதரின் தென்னந்தோப்புக் குடிசைக்குத் தனியாகப் போவதாக முடிவு செய்துவிட்டார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இடது காலில் ஆறாத புண். ஊருக்கெல்லாம் கட்டுப் போட்ட மனிதர் தன் காலுக்குத் தானே குனிந்து கட்டுப் போட முடியாமல் மூச்சு வாங்குவார். கூப்பிடு தூரத்தில் மனுஷர் இல்லாத தோப்பில் அவர் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது?

பிலோமினா கூப்பிட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். பேசாத மனுஷன் வீட்டில் இருந்துகொண்டு அவன் சோற்றைத் தின்ன முடியாது என்று சொல்லிவிட்டார். அதையும் மேஜரிடம்தான் சொன்னார்.

சாமான் ஏற்றப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிலோமினா எனக்கு உத்தரவு போட்டாள்.

"இன்னிக்கு நீங்கதான் அப்பாவக் கூப்பிடணும். அவரு வாரேன்னு சொல்லணும். மேஜர்கிட்ட இல்ல, உங்ககிட்ட. இல்லன்னா அவரு அங்கதான் போவாரு, நான் ஒருநாள் பொணத்தத்தான் பாக்கப் போவேன்."

"அவரு பேசலைன்னா நான் என்ன செய்யட்டும்?"

"எனக்குத் தெரியாது லா. நீங்க கெடுத்தது, நீங்கதான் சரி பண்ணணும். ஊரு சாமானெல்லாம் ரிப்பேர் பண்றீங்க இல்ல?"

பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரவல் வாங்கிய வேனில் போனோம். தோட்டத்திலிருந்து வெளியே வரும் சாலை சிம்பாங் பூலாயில் பெரிய சாலையைத் தொடும். வலது பக்கம் திரும்பினால் ஈப்போ, எங்கள் வீடு. இடது பக்கம் திரும்பினால் தெற்கே, பாகான் டத்தோ. அன்றைக்கு வேன் எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் என் தலைமேல் தொங்கிய கத்தி.

பிலோமினா கட்டிக்கொண்டு வந்திருந்த கோழிக் குழம்பையும் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் வேனில் ஏறிவிட்டன. முன்னறையில் மூன்று பேர் உட்காரும் ஒரு பெஞ்சும் பீடமும் மட்டும் மிச்சம். பெஞ்சு மாதா கோவிலை மூடியபோது இவருக்குக் கொடுத்தது. பீடம் என்றால் தரைவரைக்கும் தொங்கும் லேஸ் துணி போர்த்திய ஒரு பெட்டி, அதன்மேல் இருதய ஆண்டவர் சுரூபம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூ. ஒவ்வொரு தடவை வரும்போதும் நான் அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன், மேஜர் மூலமாகக் கோப்பி குடித்துக்கொண்டு.

டிரெசர் சிலுவை போட்டுக்கொண்டு சுரூபத்தைத் தன் கையாலேயே இறக்கி, துண்டில் சுற்றி மகளிடம் கொடுத்தார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு, இன்னும் காலி செய்யாமல் இருந்த கடைசி வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு வரப் போனாள். நான் லேஸ் துணியை இழுத்தேன்.

கீழே துரையின் ரேடியோகிராம்.

குனிந்து தடவிப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் நான் அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரால் போட்ட கீறல்கூட இருந்தது. விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. துரைக்கு வந்த காய்ச்சலைத் தீர்த்து வைத்ததற்காக அவர் ஊருக்குப் போகும்போது இதை டிரெசருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். டிரெசருக்கு வெள்ளைக்காரப் பாட்டெல்லாம் பிடிக்காது, நல்ல பலகை என்று சுரூபத்தை மேலே வைத்துவிட்டார். வைத்த ஆண்டவரை இறக்கிவிட்டு யார் மூடியைத் திறப்பது? திறக்கவே இல்லை. உலகமெல்லாம் தேடிய என் ரெக்கார்டு இத்தனை வருடமாக என் மாமனார் வீட்டுப் பீடத்துக்குள் இருந்திருக்கிறது.

கீழறையைத் திறந்தேன். ஒரே ஒரு ரெக்கார்டு. தொட்டிக்குள் கழுதை, அதே டை, அதே கவலை. நான் அட்டையை முத்தமிட்டேன். கொஞ்சம் ஆடினேன் என்றும் நினைக்கிறேன்.

டிரெசர் என் தோளுக்கு மேலாக எட்டி அட்டையைப் பார்த்தார்.

"மேஜர், நான் டை கட்டுன கழுதைய ரெண்டே ரெண்டுதான் பாத்துருக்கேன். ஒண்ணு இதுல இருக்கு. இன்னொண்ணு என் மகளக் கட்டிக்கிச்சு."

எங்கள் கல்யாணப் போட்டோவில் நான் டை கட்டியிருப்பேன். அவர் அந்தப் போட்டோவைப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து மழை, தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி. பிலோமினா அங்கே மாட்டிக்கொண்டாள், நாங்கள் இங்கே மாட்டிக்கொண்டோம். உட்காரப் பெஞ்சு மட்டும்தான், அதிலும் பாதியைச் சாக்கில் கட்டிய ஹார்மோனியம் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் நானும் என்னோடு பேசாத மாமனாரும் தோள் இடிக்க உட்கார வேண்டியதாயிற்று. அவரிடமிருந்து சவுக்காரமும் மருந்தும் கலந்த வாசம் வந்தது. பேசு, பேசு என்று மனது அடித்துக்கொண்டது.

சும்மா இருக்க முடியாமல் எழுந்து போய் மூடியைத் திறந்து, ரெக்கார்டைத் துடைத்துத் தட்டில் வைத்தேன். ஊசிக் கையைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன். கரண்டு இல்லை என்று தெரியும், தோட்டத்துக்கு லைட் கொடுத்த எஞ்சினையே மூன்று வாரத்துக்கு முன்னால் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சும்மா ஒரு ஆசை, அதை அதன் இடத்தில் பார்க்க. தூசி விழாமல் மூடியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் மழை மட்டும்தான். அப்புறம் ஆர்கன் கேட்டது.

நான் முதலில் ஹார்மோனியத்தைப் பார்த்தேன். அது சாக்குக்குள் கிடந்தது. மழைதான் இப்படிக் கேட்கிறது, ஆசை கண்ணை மறைக்கிற மாதிரி காதையும் மறைக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது புல்லாங்குழல் வந்து சேர்ந்தது. பக்கத்தில் டிரெசரின் தோள் விறைத்தது.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? கரண்டுக்காரன் செய்வதைத்தான் செய்தேன். தரையில் விழுந்து தவழ்ந்து வயரைத் தேடினேன். பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் வயர் தொங்கியது, மீதியை எலி தின்றிருந்தது, பிளக்கே இல்லை. சுவரில் கை வைத்துத் தடவினேன். பக்கத்து அறையில் யாராவது பேட்டரி ரேடியோ வைத்திருக்கிறார்களா என்று போய்ப் பார்த்தேன், வெறும் அறை. பெட்டிமேல் காதை வைத்தேன். சத்தம் அங்கிருந்துதான் வந்தது, டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது, ஏழு ஏழாக. மூடியைத் திறந்து பார்த்தாயா என்று கேட்பீர்கள். திறக்கவில்லை. கையை மூடிவரைக்கும் கொண்டுபோனேன், திறக்கத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

டிரெசர் முகம் வெளுத்திருந்தது.

"மேஜர்," என்றார். "கரண்டு இல்லியே."

வாசல் ஓரம் படுத்திருந்த மேஜர் வாலைக்கூட ஆட்டவில்லை. டிரெசர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள," என்றார். "வயர் எங்க?"

ஆறு வருடத்தில் முதல் வார்த்தை. குத்திக் காட்டுவதற்காகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் நிஜமாகவே பயந்து, தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்ல மாமா," என்றேன். "வயர் இல்ல."

அவர் தலையாட்டினார். அப்புறம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். வேறு என்ன செய்ய முடியும்? பயம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் பார்த்தால் இரண்டு பேரும் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தோம்.

"ஏழுல வாசிக்கிறான் பாத்தீங்களா மாமா?"

"ஏழு இல்ல லா. மூணும் நாலும். ரெண்டையும் ஒட்டி வெச்சிருக்கான், கள்ளப்பய."

பாட்டு தன்பாட்டில் முடிந்தது. மழையும் விட ஆரம்பித்திருந்தது. நான் அவரைப் பார்க்காமல், "மாமா, எங்க வீட்டுக்கு வந்துருங்க," என்றேன். நாள் முழுவதும் யோசித்து வைத்திருந்த பெரிய பேச்சில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அவர் கால் கட்டைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஒன் வீட்ல கரண்டு இருக்கா?"

"இருக்கு மாமா."

"அப்ப இந்தப் பெட்டியையும் ஏத்து. போலாம்."

பிலோமினா சுரூபத்தை அணைத்தபடி பின்வாசல் வழியாக வந்து நின்றாள். அவள் அப்பா அவளிடம், "மாப்ள கூப்பிட்டாரு, வாரேன்னுட்டேன்," என்றார். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். சந்தோஷத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

சிம்பாங் பூலாயில் வேன் வலது பக்கம் திரும்பியது. ஈப்போ போய்ச் சேரும்வரை நானும் மாமாவும் அந்தப் பாட்டைப் பற்றியே சண்டை போட்டோம். ஆர்கன்காரனுக்கு இடது கை சரியில்லை என்றார் அவர். இல்லை, வேண்டுமென்றே அப்படி வாசிக்கிறான் என்றேன் நான். அவர் புல்லாங்குழல் பகுதியை அப்படியே ஒரு சுரம் பிசகாமல் முனகிக் காட்டினார். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் கற்பனை செய்துகொண்டேன் என்று சொல்லிவிடலாம், எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். அவர் அதை அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. நானும் அவர் காதுபட ஒருநாளும் பாடியதில்லை, அவர் வீட்டில் பாட எனக்கு எங்கே தைரியம்?

மறுநாளே பெட்டியின் முதுகைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பல்லி முட்டையும் ஒரு குளவிக் கூடும். வால்வு என்கிற கண்ணாடிக் குழல்கள் ஒன்றுகூட இல்லை, யார் எப்போது பிடுங்கினார்களோ. ஸ்பீக்கர் காகிதத்தை எலி தின்று வெறும் வளையம்தான் இருந்தது. பட்டணத்தின் மின்சாரம் முழுவதையும் கொண்டுவந்து அதற்குள் பாய்ச்சியிருந்தாலும் ஒரு முனகல் வந்திருக்காது. சாமான் தேடி, மாற்றி, ஓடவைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கழுதை ரெக்கார்டைப் போட்டோம். அதே பாட்டு, அதே புல்லாங்குழல். மாமா கடைசிவரைக் கேட்டுவிட்டு, "இப்ப வயர் இருக்கு. ஆனா அன்னிக்கு நல்லாருந்துச்சு லா, மாப்ள," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு ஐந்து வருடம் இருந்தார். காலில் கட்டு நான்தான் போடுவேன், நான் போடுவது சரியில்லை என்று திட்டுவார். திட்டு நேரடியாக எனக்கே வந்தது. மேஜருக்கு வேலை போய்விட்டது. அது கடைசிக் காலத்தில் பெருத்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல சிநேகிதர் என் மாமனார்தான். ஒருநாள் மத்தியானம் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு நானும் பிலோமினாவும் உட்கார்ந்திருந்தோம். நான் பழசையெல்லாம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தேன். பேச்சு அந்த மழை நாளுக்கு வந்தது. டிரம்ஸ் வந்தபோது உங்கப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றேன்.

"பாத்தேன்," என்றாள் அவள்.

அவள் அக்கா வீட்டில் குடை வாங்கிக்கொண்டு மழையிலேயே வந்துவிட்டிருக்கிறாள். அடுப்படிக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க," என்றாள். "மழைச் சத்தம் மட்டும்தான். நீங்க ரெண்டு பேரும் மூடி வெச்ச பெட்டியப் பாத்து முழங்கால்ல தட்டிக்கிட்டு இருந்தீங்க. ஒரே மாதிரி, ஒண்ணா. வேன்ல அந்தப் பாட்டுக்குச் சண்ட போட்டப்ப நான் சுரூபத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா அப்பா திரும்பவும் மேஜர்கிட்டப் பேச ஆரம்பிச்சிருவாரு. நான் எதுக்கு வாயத் திறக்கணும்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. நீங்க தரையில தவந்துட்டு வந்து உக்காந்தீங்க இல்ல? அப்ப அப்பா எழுந்து ஹார்மோனியத்தத் தூக்கித் தரையில வெச்சாரு. அவரு அந்த ஓரம் போயிட்டாரு, நீங்க இந்த ஓரம் நகந்துட்டீங்க. யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்லல. நடுவுல ஒரு ஆளு உக்கார்ற அளவுக்கு எடம். அதுக்கப்புறம்தான் அப்பா உங்கள மாப்ளன்னு கூப்பிட்டாரு."

சாமான் ஏற்றும்போது ஹார்மோனியம் தரையில் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. யார் இறக்கியது என்று நினைவில்லை. நான் நகர்ந்ததும் நினைவில்லை. தோள் இடிக்க உட்கார்ந்து கேட்டோம் என்றுதான் அதுவரைக்கும் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெஞ்சு எங்கள் முன்னறையில்தான் கிடக்கிறது. ஐந்து வருடம் அதில் உட்கார்ந்துதான் நானும் மாமாவும் தினமும் டிவி பார்த்தோம், அவர் அந்த ஓரம், நான் இந்த ஓரம். பையன் எத்தனையோ தடவை ஓடிவந்து நடுவில் உட்காரப் போயிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவனைப் பிடித்து, "கீழ உக்காருய்யா," என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவர் பாயில் இறக்கி விட்டிருக்கிறோம். ஏன் என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை.